மூன்றாம் சுனை

மே 6, செவ்வாய்

கல்லூரிக்கு விடுமுறை. பதினாறு வருடமாகக் கரும்பலகையில் விலங்குகளை வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருக்கிறேன். உயிரோடு ஒன்றைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் கோதண்டம் சார் கூப்பிட்டதும் சரி என்றேன்.

மேலூருக்கு மேற்கே கிடாப்பாறை என்று ஒரு பாறைக்குன்று. அதைக் கிரானைட்டுக்கு வெட்ட ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. வெட்டுவதற்கு முன் அங்கே என்னென்ன உயிர் இருக்கிறது என்று கணக்கெடுத்து அறிக்கை தர வேண்டும். அந்த வேலை கோதண்டம் சாரின் ஆலோசனை நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. செடி கொடிகளை வேறொருவர் மார்ச்சிலேயே முடித்துவிட்டார். பூச்சி, தவளை, பல்லி, நீர்ப்பிராணி எல்லாம் என் தலையில். கடைசி நாள் மே 20.

அலுவலகத்தில் அறிக்கைக்கான பதினெட்டு வெற்றுப் படிவங்களிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டைப் செய்யும் பெண் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறாளாம். "கடைசில நீங்க அலைய வேணாம் மேடம். டேட்டாவ போன்ல அனுப்புங்க, நாங்க ஃபில் பண்ணிக்கறோம்" என்றார் கோதண்டம் சார். அக்கறையான மனிதர். மோர் வரவழைத்துக் கொடுத்தார்.

மேலூரில் ஒரு அரிசி மண்டிக்கு மேலே மாடி அறை. குழாயில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்க மறுக்கிறது.

மே 7, புதன்

பாறை நான் நினைத்ததைவிடப் பெரியது. யானை படுத்த மாதிரி என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். எல்லாப் பாறையையும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஏறினால் மேலே தட்டையாக, அங்கங்கே குழிகளோடு இருக்கிறது. ஏழு குழிகள். ஊரில் சுனை என்கிறார்கள். ஊற்று எதுவும் கிடையாது, மழைத் தண்ணீர் தேங்குவதுதான். இப்போது எல்லாமே காய்ந்து, அடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் புழுதி.

துணைக்குச் சீனியம்மா என்கிற பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். என் வயதுதான் இருக்கும். முப்பது ஆடு வைத்திருக்கிறாள், இந்தப் பாறையிலும் சுற்றியுள்ள முள்காட்டிலும்தான் மேய்க்கிறாள். நான் அக்கா என்றேன், அவள் டீச்சரு என்றாள். அதோடு மரியாதை விவகாரம் தீர்ந்தது.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தைப் பையிலிருந்து எடுத்து மாட்டியதும் சிரித்தாள்.

"என்ன டீச்சரு, நூலு போடாத கட்டிலு?"

இதைத் தரையில் வைத்து உள்ளே இருப்பதை மட்டும் எண்ணுவோம், இப்படி நாற்பது இடத்தில் எண்ணினால் மொத்தப் பாறைக்கும் ஒரு கணக்குக் கிடைக்கும் என்றேன். எந்த இடத்தில் வைப்பது என்பதை நாம் முடிவு செய்யக்கூடாது, சீட்டு எடுத்து வருகிற எண்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன்.

"ஏன், நமக்குக் கண்ணு இல்லையா?"

"கண்ணு இருக்கறதாலதான் அக்கா. நமக்குப் புடிச்ச எடத்துலயே வைப்போம்."

"ஆட்டத் தொலச்சவ ஆடு போற எடத்துலதான தேடுவா? சீட்டுப் போட்டா தேடுவா?"

பதில் இருக்கிறது. முதலாண்டு மாணவிகளுக்கு நாற்பது நிமிடத்தில் சொல்வேன். அந்த வெயிலில் சொல்ல வரவில்லை.

மே 8, வியாழன்

நூற்றைந்து டிகிரி. சட்டம் பன்னிரண்டு முறை வைத்தேன். ஒன்பது முறை வெறும் கல்.

மே 9, வெள்ளி

மண் உள்ள இடங்களில் பிளாஸ்டிக் தம்ளர்களைத் தரை மட்டத்துக்குப் புதைத்து வைத்திருந்தேன். ஊர்ந்து போகிறவை உள்ளே விழும். காலையில் பார்த்தால் எறும்பில் மூன்று வகை, ஒரு வண்டு, ஒரு தேள். இரண்டு தம்ளரை ஆடு மிதித்துவிட்டது. ஒன்றை ஆடு தின்றுவிட்டது. சீனியம்மா ஆட்டுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை, தம்ளருக்காக ஆட்டைத் திட்டவும் இல்லை.

நான் நோட்டில் தினமும் ஒரு கோடு வரைகிறேன். முதல் நாள் ஒன்பது புது இனம், அடுத்த நாள் ஆறு, இன்று நான்கு. புதியது வருவது குறைந்துகொண்டே வந்து கோடு படுத்துவிட்டால், பெரும்பாலும் பார்த்தாயிற்று என்று அர்த்தம். கோடு படுக்கத் தொடங்கிவிட்டது. மகிழ வேண்டும். ஆனால் இது மே மாதத்தின் கோடு. மே மாதத்தில் என்னையே யாராவது கணக்கெடுத்தால் நானும் படுத்துத்தான் கிடப்பேன்.

மதியம் புளிய மர நிழலில் கஞ்சி குடிக்கும்போது சீனியம்மா தானாகச் சொன்னாள்:

"மழ பேஞ்சு நாலஞ்சு நாளு கழிச்சு வந்து பாருங்க. சொனை பூராம் புழு. மல்லாக்க நீஞ்சும். காலு பூராம் சல்லாத் துணி கெணக்கா ஆடிக்கிட்டே இருக்கும்."

கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தேன். "மல்லாக்கவா?"

"ஆமா டீச்சரு. ஆடு குடிக்கும்போது வாயில நெளியும். செருமிட்டுக் குடிக்கும். நாங்க மல்லாக்கப்புழுன்னுதான் சொல்லுவோம்."

புழு இல்லை, இறால். ஆங்கிலத்தில் தேவதை இறால் என்பார்கள். மீன் இருக்கிற தண்ணீரில் வாழாது, மீன் தின்றுவிடும். வற்றிப்போகிற குட்டையில்தான் வாழும். வற்றுவதற்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். முட்டை புழுதியில் காய்ந்து கிடக்கும், வருடக்கணக்கில். இருபது வருடத்துக்கு முன் படித்தது. கண்ணால் பார்த்ததில்லை.

மே 10, சனி

கையில் இருந்த படிவ நகலை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே இரண்டே கட்டம். உண்டு, இல்லை. மாணவிகளிடம் தொண்டை கிழியச் சொல்வேன்: 'இல்லை' என்று எழுதாதீர்கள், 'பதிவாகவில்லை' என்று எழுதுங்கள். நாம் பார்க்காததற்கும் அது இல்லாததற்கும் நடுவே கடல் அளவு தூரம். அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.

கோதண்டம் சாருக்குப் போன் செய்தேன். சுனையில் இறால் இருக்கலாம், மழைக்குப் பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன்.

"யார் சொன்னா மேடம்?"

"சீனியம்மா."

"அவங்க ஆடு மேய்க்கறவங்க மேடம். அவங்க சொன்னது டேட்டா இல்லையே." குரலில் எகத்தாளம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. "மழை எப்ப வருமோ. இருபதாம் தேதி குடுக்கணும். ஏதாவது கையில இருந்தா சொல்லுங்க, சேர்க்கறேன்."

கையில் இருந்தால் சேர்ப்பார். கையில் கொண்டுவருகிறேன்.

மே 12, திங்கள்

ஏழு சுனைக்கும் எண் போட்டுச் சீட்டு எடுத்தேன். மூன்று வந்தது. இருப்பதிலேயே சின்னது, சோற்று அண்டா அகலம்கூட இல்லை. சீனியம்மா ஏழாவதைக் காட்டி, "அதுல எடுங்க டீச்சரு, அதுலதான் புழு சாஸ்தி" என்றாள். சீட்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்றேன். பெயின்ட் பிரஷ்ஷால் பாதிப் புழுதியைக் கூட்டி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

அறையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் புழுதியைப் போட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். நாளை மறுநாள் தெரியும்.

மே 14, புதன்

ஒன்றும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சேறு.

எல்லாம் செத்த முட்டையோ என்னவோ. எரிச்சலில் குளியலறை ஓட்டையில் ஊற்றிவிட்டேன். பேசினைக் கழுவும்போதுதான் சோப்பு நுரைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். உப்புத் தண்ணீர். மழை மட்டுமே தெரிந்த முட்டைகளுக்கு இதைக் கொடுத்து எழுந்திரு என்றால் எப்படி எழும்? அவை செத்திருக்கவில்லை. நல்ல தண்ணீருக்குக் காத்திருந்தன.

விலங்கியல் விரிவுரையாளர். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

மே 15, வியாழன்

காலையிலேயே பாறைக்குப் போனேன். மூன்றாம் சுனையில் மீதி இருந்ததையும் கூட்டிக்கொண்டேன். விரிசலில் இருந்ததையும் பிரஷ் நுனியால் எடுத்தேன். வேறு சுனையில் எடுத்தால் சீட்டுக் கணக்கு கெட்டுவிடும். சின்ன சுனைதான்.

"சுத்தமா வழிச்சுட்டீங்களே டீச்சரு" என்றாள் சீனியம்மா.

திரும்பும் வழியில் பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் இரண்டு கேன் வாங்கினேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார் கடைக்காரர். புழுதிக்கு என்று சொல்ல முடியுமா? ஸ்கூட்டி என்றேன்.

மே 17, சனி

காலை ஐந்தே முக்கால். பேசினில் வெளிச்சம் விழுந்த பக்கமாகப் புள்ளிகள். முதலில் தூசி என்று நினைத்தேன். தூசி இப்படி உதறி உதறி நகராது.

எண்ணினேன். நூற்றுப் பத்து வரை எண்ணி விட்டுவிட்டேன். அழுதேன். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குக் கோதண்டம் சாருக்குப் போன். வீடியோ அனுப்பினேன்.

"அழகா இருக்கு மேடம்" என்றார். பிறகு, "பாறையில இப்ப தண்ணி இருக்கா?"

"இல்ல."

"அப்ப இது உங்க பேசின்ல இருக்கற உயிர். பாறையில இருக்கறதுன்னு நான் எப்படி எழுத?"

"சார், அந்தப் புழுதி பாறையோடது. கட்டத்துல உண்டுன்னு போடுங்க. நான் பொறுப்பு. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"படிவம் வியாழக்கிழமையே கம்பெனிக்குப் போயிடுச்சு மேடம். அவங்க முன்னாடியே கேட்டாங்க. நீங்க அதுவரைக்கும் அனுப்பினதை வச்சு ஃபில் பண்ணினோம்." பிறகு, "கையெழுத்துதான் முதல்லயே போட்டுட்டீங்களே."

படிவம் பதினொன்று, நீர்வாழ் உயிரினங்கள்: இல்லை. கீழே என் பெயர், என் படிப்பு, என் கையெழுத்து. அவர் அனுப்பிய படத்தில் கையெழுத்து நன்றாகவே விழுந்திருக்கிறது. மோர் குடித்துவிட்டு நிதானமாகப் போட்டது.

மே 18, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. ஈஸ்ட் ஒரு சிட்டிகை கரைத்து ஊற்றினேன். தின்கின்றன.

மே 23, வெள்ளி

கால் முளைத்துவிட்டது. மல்லாந்து நீந்துகின்றன. சீனியம்மா சொன்னது அப்படியே, ஒரு எழுத்து மாறவில்லை. சல்லாத் துணி. அவளை அறைக்குக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"இதுதான். இது எங்கூட்டுப் புழுதான். என்ன டீச்சரு, சோப்பு டப்பா மாதிரி பாத்திரத்துல கெடந்து சுத்துதுக, பாவம்."

"வெட்டலாமான்னு ஊர்க்காரங்கள கேக்க அதிகாரிங்க கூட்டம் போடுவாங்க, அதுல காட்டணும் அக்கா. அதுவரைக்கும் வளக்கணும்."

"காட்டுனா நிப்பாட்டிருவாய்ங்களா?"

ஆம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது? இந்தப் பாறை போனால் அவளுக்கு ஆடு இல்லை. மழைக்காலம் முழுக்க முப்பது ஆடும் இந்தச் சுனைகளில்தான் குடிக்கின்றன. கீழே இருக்கும் கண்மாய்க்குப் போகிற வழியைக் கம்பெனி ஏற்கெனவே வேலி போட்டு அடைத்துவிட்டது.

மே 26, திங்கள்

பெரிதாகிவிட்டனவே, பசிக்குமே என்று நேற்று ஈஸ்ட் இரண்டு மடங்கு போட்டேன். காலையில் தண்ணீர் பால் மாதிரி கலங்கி நாற்றம். எல்லாம் அடியில். ஒன்றுகூட மிச்சமில்லை. எதற்கும் இன்னும் முட்டைப் பை வந்திருக்கவில்லை.

செத்தவற்றில் பதினொன்றை ஸ்பிரிட் குப்பியில் போட்டு வைத்தேன். அடிச்சேற்றைக் காயவைத்து ஒரு காகித உறையில் போட்டேன். ஒரே மழையில் எல்லா முட்டையும் பொரிக்காது. அந்த மழை ஏமாற்றிவிட்டால் வம்சமே போய்விடும் என்பதால் கொஞ்சம் முட்டை அடுத்த மழைக்கும், அதற்கு அடுத்ததற்கும் காத்திருக்கும். புத்தியுள்ள பிராணி. கையில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் கொடுத்துவிடாது.

ஜூலை 10, வியாழன்

கருத்துக் கேட்புக் கூட்டம். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் ஷாமியானா, இருநூறு பேர். கம்பெனிக்காரர்கள் முன்வரிசை. கோதண்டம் சார் என்னைப் பார்த்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். குப்பியையும் உறையையும் எடுத்துப் போயிருந்தேன்.

என் முறை வந்தது. இறாலைப் பற்றிச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு அறிக்கையைப் புரட்டி, ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா சார்."

"இதுல இல்லைன்னு எழுதிட்டு, இப்ப இருக்குன்னு வந்து நிக்கறீங்களே. எதை நாங்க எடுத்துக்கறது?"

மைக் அந்த நேரம் பார்த்துக் கரகரத்தது. என் பதில் யாருக்கும் கேட்டிருக்காது.

ஆதாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஊழியர் ஒருவர் குப்பியையும் உறையையும் ஒரு பெரிய கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்து, மேலே எண் எழுதிக் கோப்போடு கட்டினார். அந்த உறைக்குள் உயிர் இருக்கிறது என்றேன். "பத்திரமா இருக்கும் மேடம்" என்றார். பத்திரமாகத்தான் இருக்கும். பத்து வருடம்கூட இருக்கும். அந்த அலுவலகக் கூரை ஒழுகினால் பொரிக்கும்.

சீனியம்மாவும் பேசினாள். புழு உண்டு, நான் பார்த்திருக்கிறேன் என்றாள். எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் என்னைத் தாண்டிப் போனாள். நான் கூப்பிட்டேன்.

"மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு டீச்சரு" என்றாள். நிற்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது என்று கோதண்டம் சார் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். கூடவே, 'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்றும். எல்லோருக்கும் ஒரே செய்தியைத் தட்டியிருப்பார். பதில் போடவில்லை.

இரண்டாமாண்டு வகுப்பில் மாதிரி எடுக்கும் முறைகள் நடத்த வேண்டிய வாரம். வைரஸ் காய்ச்சல் என்று விடுப்பு சொன்னேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சீனியம்மாவிடமிருந்து போன். கூட்டத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"நேத்து நல்ல மழ. சொனை ரொம்பிருச்சு. திங்கக்கெழம விட்டு அடுத்த திங்கக்கெழம வெடி வைக்கப் போறாய்ங்களாம். வர்றதுன்னா வாங்க." வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 6, சனி

சட்டம், வலை, நோட்டு எல்லாம் எடுத்துப் போனேன். பாறை முழுக்கச் சிவப்புப் பெயின்ட்டில் கோடு, வெடி வைக்கத் துளை போட வேண்டிய இடங்களில் வட்டம். இரண்டாம் சுனையின் நடுவிலேயே ஒரு வட்டம், தண்ணீருக்கு அடியில் சிவப்பாகத் தெரிந்தது. அதன் மேலேயே இறால்கள் மல்லாந்து போய்க்கொண்டிருந்தன.

பாறைக்குப் பின்னால் எனக்குத் தெரியாத ஏழு வகைத் தவளைச் சத்தம். முள்காட்டுத் தரையெல்லாம் சிறு செடி. மே மாதத்தில் ஒன்பது முறை வெறும் கல் வந்த இடங்களில் சட்டத்தை மறுபடி வைத்தேன். எழுதி முடியவில்லை. என் கோடு படுக்கவே இல்லை, எழுந்து போய்க்கொண்டே இருந்தது.

சீனியம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு ஆடுதான் இருந்தது. மீதி எங்கே என்று கேட்கவில்லை.

"அக்கா" என்றேன். "அன்னிக்கு நான் பதிலே சொல்லல. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு சொல்லியிருக்கணும். அம்புட்டு பேரு முன்னாடி, எங்க காலேஜ் பேர வச்சுக்கிட்டு, சொல்ல வாய் வரல. பயந்துட்டேன்."

சுனையைப் பார்த்தபடி, "சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பாய்ங்களா?" என்றாள்.

"தெரியல."

"அன்னிக்கு ஆமான்னீங்க, இப்ப தெரியலங்கறீங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "சரி, எண்ணுங்க. வந்ததுக்கு எண்ணிட்டாவது போங்க."

சுனை சுனையாக வலை விட்டேன். அவள் எண்ணைத் திருப்பிச் சொல்ல, நான் எழுதினேன். முதலாவதில் ஐம்பத்திரண்டு. இரண்டாவதில் நாற்பத்தாறு. மூன்றாவதில் தண்ணீர் தெளிவாக நின்றது. வலை விட்டேன். மறுபடி விட்டேன். ஐந்து முறை விட்டேன். அடியில் பிரஷ் கீறிய தடம்கூடத் தெரிந்தது.

"அதுல எப்பவும் இருக்குமே" என்றாள் சீனியம்மா. பிறகு நினைவு வந்தவளாகப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு ஆட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "ஆட்டுக் கால்ல ஒட்டி மத்த சொனையில இருந்து வந்துரும். ரெண்டு மூணு மழயில வந்துரும்" என்றாள். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பையில் ஒரு வெற்றுப் படிவம் இருந்தது. யாரும் கேட்காத படிவம். மீதி நான்கு சுனையையும் எண்ணிவிட்டு, பாறை மேலேயே உட்கார்ந்து நிரப்பினேன். ஆறு சுனைக்கு எதிரே உண்டு. மூன்றாவதுக்கு எதிரே 'பதிவாகவில்லை' என்று எழுத வந்தேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்று பதினாறு வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இங்கே எனக்குத் தெரியும். இல்லை என்று எழுதினேன்.

கடைசிக் கட்டம் வரை நிரப்பிவிட்டு, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.